காவல்காரன் ஏழுமலை எங்கே?

"ஆளைக் கண்டுபிடிச்சா நீங்க ஒண்ணும் பேச வேணாம் மேடம். அட்ரஸை மட்டும் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

தருண் இப்படிச் சொன்னபோது டென்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மிளகாய் பஜ்ஜியைப் பேப்பரில் வைத்து அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தான். தொம்மலூரின் பழைய கிராமத்துச் சந்தில், ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில்தான் ராஜலக்ஷ்மியின் துப்பறியும் அலுவலகம். கீழே தையல் மிஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். வருகிறவர்கள் தங்கள் பயத்தால்தான் மேஜை ஆடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அதனாலேயே ராஜலக்ஷ்மி இந்த இடத்தை விடவில்லை என்பது அவளுடைய உதவியாளன் டென்சிலின் கட்சி.

தருண் பயந்தவனாகத் தெரியவில்லை. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டை, தணிந்த குரல். சேலத்துக்காரன், வேலை ஒயிட்ஃபீல்டில் என்று சொல்லியிருந்தான்.

"அந்தக் கேமை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் ராஜலக்ஷ்மி.

"சுடறதெல்லாம் இல்ல மேடம். எழுதறது. போன்ல ஒரு குரூப். 'மிளகுமலை எஸ்டேட்'னு பேரு. வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்குவோம். ஒருத்தர் அவங்க வேஷத்துல கொஞ்சம் எழுதுவாங்க, அடுத்தவங்க அதுலேருந்து தொடருவாங்க. எஸ்டேட் முதலாளி காணாமப் போயிட்டார். யார் காரணம்னு யாருக்கும் தெரியாது."

"எழுதறவங்களுக்கேவா?"

"எழுதறவங்களுக்கே."

"அப்ப நம்ம ஆபீஸ் மாதிரிதான்" என்றான் டென்சில்.

ராஜலக்ஷ்மி அவனைப் பார்த்த பார்வையில் பஜ்ஜி ஆறிப்போனது.

குழுவில் 'பனங்கிழங்கு' என்ற புனைபெயரில் ஒருவர் இருக்கிறார். அவர் எடுத்திருக்கும் வேஷம் பங்களாக் காவல்காரன் ஏழுமலை. எல்லோரும் விழுந்து விழுந்து படிப்பது அவர் எழுத்தைத்தான். திடீரென்று ஒரு நாள், 'கேட்டுக்கு வெளியே எவனோ நிற்கிறான். என் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்கிறது' என்று எழுதிவிட்டு நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை.

"கதையில யார் என்ன செஞ்சிருப்பாங்கன்னு பேச ஊக அறைன்னு தனியா ஒண்ணு இருக்கு மேடம். அங்க ஒரே சண்டை. ஏழுமலையைக் கொன்னுட்டாங்கன்னு ஒரு கட்சி. ஏழுமலைதான் கொலைகாரன், ஒளிஞ்சிருக்கான்னு ஒரு கட்சி. எனக்கு என்னமோ இது கதை இல்லைன்னு தோணுது."

"பனங்கிழங்கு ஆணா, பெண்ணா?"

"தெரியாது மேடம். குரூப்ல யாரும் யாரையும் பாத்ததில்ல. போலீஸ்ல போய்ச் சொன்னா சிரிப்பாங்க. ஆனா அவளுக்கு ஏதாவது ஆயிட்டா எனக்குத் தூக்கமே வராது."

ராஜலக்ஷ்மியின் கையிலிருந்த டீ கிளாஸ் உதட்டுக்குப் போகும் வழியில் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. டென்சில் அதைக் கவனித்தான். ஆனால் டீயில் ஈ விழுந்துவிட்டது போலும் என்றுதான் நினைத்தான்.

"கேஸை எடுத்துக்கறேன்" என்றாள். "குரூப்பைப் படிக்க வழி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க."

தருண் ஒரு டேப்லெட்டை வைத்துவிட்டு, எந்த அசைவானாலும் தனக்கு உடனே சொல்லவேண்டும் என்று டென்சிலின் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனான்.

ராஜலக்ஷ்மி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏழுமலை எழுதியவற்றைப் படித்தாள். டென்சிலுக்கு ஊக அறைதான் பிடித்தது. பால்கோவா, சுண்டெலி என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையின் கல்யாணம் மாதிரி கதையை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், இதைக் கேளுங்க. பால்கோவா சொல்றது. காவல்காரர் அண்ணா எழுதற எல்லாத்துலயும் 'தடக் தடக்'னு ஒரு சத்தம் வருதாம். பங்களாவுக்கு அடியில கள்ளநோட்டு மெஷின் ஓடுதாம். ஆதாரம் வேற: 'சத்தம் சட்டென்று நின்றது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் நின்றது. அந்த அமைதிதான் ஏழுமலைக்குப் பயமாக இருந்தது.'"

"ம்."

"சுண்டெலி சொல்றது இன்னும் ஜோர். எதிர் மாடிக் கொடியில ஒரு நாள் சிவப்பாத் தொங்குது, ஒரு நாள் பச்சையாத் தொங்குதுன்னு அண்ணன் எழுதியிருக்கார். அது கூட்டாளிக்குக் காட்டற சிக்னலாம். இன்னொருத்தன் ஏழுமலையை மைசூர் ஒற்றன்னே முடிவு பண்ணிட்டான். ஏன்னா, சந்தையில சொப்பு வாங்கினேன்னு ஏழுமலை சொல்றானாம். கீரையை எந்தத் தமிழன் சொப்புங்கறான்னு கேக்கறான். எங்க அம்மா தினம் அப்படித்தான் சொல்றாங்க. அவங்களும் ஒற்றனா?"

"உங்க அம்மா எங்க இருக்காங்க?"

"அல்சூர்ல."

"அவ்வளவுதான் விஷயம். எழுதறவங்க இந்தப் பக்கத்து ஆளு." ராஜலக்ஷ்மி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவங்க எல்லாரும் கெட்டிக்காரங்க டென்சில். கதைக்கு ஒட்டாததையெல்லாம் கரெக்டாப் பொறுக்கி வச்சிருக்காங்க. ஆனா பதிலையும் கதைக்குள்ளயே தேடறாங்க. மலைமேல, கரண்டே இல்லாத காலத்துல, தெரு முழுக்க ஒரே நேரத்துல சத்தம் எப்படி நிக்கும்?"

டென்சில் யோசித்தான். கீழே தையல் மிஷின் நின்றது. டியூப் லைட்டும் அணைந்தது.

"கரண்டு போனா நிக்கும்" என்றான் அரையிருட்டில்.

"விசைத்தறி. எதிர் மாடியில தொங்கறது சிக்னல் இல்ல, சாயம் முக்கின பட்டுநூல். எழுதறவங்க ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு எழுதறாங்க. காதுல விழறது, கண்ணுல படறது எல்லாம் அவங்களுக்கே தெரியாம கதைக்குள்ள வந்துடுது. இதையும் பாரு. 'சந்தையில் மூன்று பாஷையில் பேரம் பேசினேன். ஒசூர் ஒசூர் என்று வண்டிக்காரன் தொண்டை கிழியக் கத்தினான்.'"

"ஆனேக்கல்!" என்று டென்சில் துள்ளினான். "ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுல நின்னா ஒசூர் ஒசூர்ங்கற கத்தல்ல காது செவிடாப் போகும் மேடம். பட்டுத்தறியும் அங்க நிறைய."

"வண்டியை எடு."

"ஒரு நிமிஷம், நம்ம தருண் சாரும் ஊகம் எழுதியிருக்கார். குரூப்ல அவருக்கு டாக்டர் வேஷம். 'ஏழுமலை ஆணே இல்லை. புருஷனை விட்டு ஓடிவந்து ஆண் வேஷத்தில் ஒளிந்திருக்கிறாள்.' வரிசையா எல்லாரும் சிரிப்பு முகம் போட்டிருக்காங்க."

டென்சிலும் சிரித்தான். ராஜலக்ஷ்மி சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை படி."

படித்தான். அவள் டேப்லெட்டை வாங்கி அந்த வரியையே பார்த்தாள். பிறகு அதை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டாள். என்ன என்று டென்சில் கேட்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

ஒசூர் ரோட்டில் போகும் வழியெல்லாம் டென்சிலின் போன் நடுங்கிக்கொண்டே வந்தது. ஏதாவது தெரிந்ததா, எங்கே இருக்கிறீர்கள் என்று தருண் விடாமல் கேட்டான். பின்சீட்டில் ராஜலக்ஷ்மி கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது டென்சில் பதில் தட்டினான்: 'சந்தாபுரம் தாண்டறோம் சார். ஆனேக்கல்.' கவலைப்படுகிற மனுஷனைக் காக்கவைப்பது பாவம் அல்லவா.

ஆனேக்கல்லில் அவனை ஒரு டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு, வெற்றிலை வாங்கி வருவதாகச் சொல்லிப் போனாள் ராஜலக்ஷ்மி. திரும்பியபோது கையில் வெற்றிலை இல்லை.

"வெத்தலை எங்க மேடம்?"

"கொடி இன்னும் வளரலையாம். வா."

தறிச் சத்தம் நாலு தெருவில் கேட்டது. எந்தத் தெரு என்று டென்சில் திகைத்து நிற்க, ராஜலக்ஷ்மி குனிந்து சாக்கடையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். முதல் தெருவில் சாதாரண அழுக்கு. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது தெருவின் கால்வாயில் ரோஜா நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஜனங்க வாயைத் திறக்காத ஊர்ல சாக்கடை பேசுது" என்றான் டென்சில்.

நிறம் போன வழியே போனார்கள். அது ஒரு சாயப் பட்டறை வாசலில் முடிந்தது. மொட்டைமாடிக் கொடியில் சிவப்புப் பட்டுநூல் கட்டுக்கட்டாக உலர்ந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற பருமனான பெண்ணுக்கு முழங்கை வரை சிவப்பு.

"ஏனு பேக்கு?" என்றாள் கன்னடத்தில். முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். "யாரு வேணும்?"

"எதிர் மாடியில இருக்கிறவங்களைப் பாக்கணும் அக்கா."

"அங்க யாரும் இல்ல. காலி வீடு. போய்ட்டு வாங்க."

டென்சில் அண்ணாந்து பார்த்தான். காலி வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு ஈரத் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் ராஜலக்ஷ்மி அவன் காலை மிதித்தாள்.

"காலியாவே இருக்கட்டும் அக்கா. ஆனா அந்தக் காலி வீட்டைத் தேடிக்கிட்டு ஒருத்தன் சுத்தறான். அவனுக்கு முன்னாடி நான் வரணும்னு வந்தேன். என்னை நம்ப வேணாம். நீங்களும் கூட வாங்க. எம் மேல சந்தேகம் வந்தா அந்தத் தொட்டியிலயே முக்கிடுங்க."

சந்திரம்மா, அதுதான் அவள் பெயர், ராஜலக்ஷ்மியை மேலும் கீழும் அளந்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் படியேறிக் கதவைத் தட்டினாள். "சரோஜாம்மா, நான்தான். தொற."

டென்சிலின் மனசில் ஏழுமலைக்கு முறுக்கு மீசையும் தடியும் இருந்தன. கதவைத் திறந்தது ஒல்லியான ஒரு பெண். நைட்டி மேல் போட்ட துண்டு, கையில் போன்.

"ஏழுமலை...?" என்று அவனை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

அவள் போனைத் துண்டுக்குள் மறைத்தாள். கதவைச் சாத்தப் போனாள். ராஜலக்ஷ்மி கதவைத் தொடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள்:

"தருண்தான் எங்களை அனுப்பினான். ஆனா அவனுக்காக நாங்க வரலை."

கதவு பாதியில் நின்றது.

அவள் தலையாட்டியதும் சந்திரம்மா பட்டறைக்கு இறங்கிப் போனாள். உள்ளே ஒரு பாய், ஒரு ஸ்டவ், ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். பேச்சு மேலெழும்பாதபடி தறிச் சத்தம் அறையை நிறைத்தது. டென்சிலுக்குத் தலை சுற்றியது. "மேடம், எனக்கு யாராவது சொல்லுங்க. இவங்க யாரு? அவரு யாரு?"

"தருண் நம்ம ஆபீஸ்ல என்ன சொன்னான்? ஆணா பெண்ணான்னு தெரியாதுன்னான். சொன்ன கையோட 'அவளுக்கு ஏதாவது ஆயிட்டா'ன்னான். குரூப்ல அத்தனை பேரும் காவல்காரர் அண்ணாங்கறாங்க. இவனுக்கு மட்டும் 'அவள்' எங்கிருந்து வந்தா? அப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. ஊக அறையைப் படிச்சதும் ஊர்ஜிதமாச்சு. கள்ளநோட்டுன்னவங்க கதையிலேருந்து ஒரு வரி காட்டறாங்க. சிக்னல்ன்னவங்களும் காட்டறாங்க. தருண் மட்டும் ஒரு ஆதாரமும் காட்டலை. ஆதாரமே இல்லாம ஒருத்தன் அவ்வளவு நிச்சயமாச் சொன்னா அது ஊகம் இல்ல. ஏற்கெனவே தெரிஞ்சது."

அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அதைப் படிச்ச அன்னைக்குத்தான் நிறுத்தினேன்" என்றாள். "எம் பேரு வீணா. அவன் என் புருஷன். காலேஜ் நாள்லேருந்தே எனக்கு இந்தக் கூட்டுக்கதை எழுதற பழக்கம் உண்டு. கல்யாணத்துக்கப்புறம் போனை உடைச்சான். அப்புறம் கையை." இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். அது சற்றுக் கோணலாகக் கூடியிருந்தது. "கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டுல ஆர்டர் வாங்கினேன். அப்பவும் வந்தான். வீடு மாத்தினேன், வேலையை விட்டேன், பேரையும் மாத்தினேன். எழுதறதை மட்டும் விட முடியலைங்க. எப்படியும் எழுதுவேன்னு அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு குரூப்பாத் தேடி, எழுத்தை வச்சே என்னைக் கண்டுபிடிச்சிருக்கான்."

"தெரிஞ்சும் ஏன் கேஸை எடுத்தீங்க மேடம்?" டென்சிலின் குரலில் கிண்டல் இல்லை.

"நான் மாட்டேன்னா அடுத்த தெருவுல வேற ஏஜென்சிக்குப் போவான். அவங்க அட்ரஸைக் குடுத்துடுவாங்க. உங்கிட்ட சொல்லலை, ஏன்னா நீ மனசுல நெனைக்கிறது நெத்தியில எழுதி ஒட்டியிருக்கும்."

டென்சில் தன் போனைப் பார்த்தான். "மேடம்... சந்தாபுரத்துல..." என்று ஆரம்பித்தான்.

அவன் போன் அடித்தது. தருண்.

வீணா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ராஜலக்ஷ்மி தணிந்த குரலில் சொன்னாள்: "எடு. தப்பான வழியில வந்துட்டோம்னு சொல்லு. ஆள் இருக்கிறது சிட்டிக்குள்ள ஒக்கலிபுரத்துல, ரயில்வே லைன் பக்கம், கதையில வர்ற தடக் தடக் ரயில் சத்தம்னு சொல்லு."

டென்சில் எடுத்தான். ஜோக்கு அடித்தே பழகிய நாக்கு, பொய்க்கும் உதவியது. "சார், ஆனேக்கல் வேஸ்ட் சார். இங்க ஒண்ணும் இல்ல. ஒக்கலிபுரத்துல இருக்கிறதாத் தகவல். திரும்பிக்கிட்டு இருக்கோம்."

"அப்படியா" என்றான் தருண். அதே தணிந்த, மரியாதையான குரல். "சரி டென்சில். நான் ஆபீஸ்லதான் இருக்கேன். மெதுவா வாங்க."

அந்தக் குரலுக்குப் பின்னால் வேறொன்றும் கேட்டது. தடக் தடக், தடக் தடக். ஜன்னல் வழியே வரும் சத்தம்தான் போனில் ஏறுகிறது என்று டென்சில் முதலில் நினைத்தான். காதோடு அழுத்தினான். இல்லை. உள்ளிருந்தும் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

ஜன்னலில் சத்தம் நின்றது. போனிலும் நின்றது. இரண்டும் ஒரே நொடியில்.

அமைதியில் தருணின் மூச்சு மட்டும் கேட்டது. அவனுக்கும் புரிந்துவிட்டது. இணைப்பு அறுந்தது. கீழே படிக்கட்டில் ஷூ சத்தம் ஏறத் தொடங்கியது.

"நான்தான் மேடம்" என்றான் டென்சில். கையால் முகத்தைத் துடைத்தான். "ஆனேக்கல்னு நான்தான் மெசேஜ் போட்டேன். டீக்கடைலேருந்தே நம்ம பின்னாடி வந்திருக்கான்."

"உங்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு. அழறதுக்கு இப்ப நேரமில்ல." ராஜலக்ஷ்மி போனில் யாருக்கோ ஒரே வார்த்தை சொன்னாள்: "வந்துட்டான்." பிறகு வெளியே போய்ப் படியின் தலைப்பில் நின்றாள்.

டென்சில் அவளைத் தாண்டி ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டான். யாரும் சொல்லாமல் அவனாகச் செய்தான்.

தருண் பாதிப் படியில் நின்றான். அதே வெள்ளைச் சட்டை. "நல்லா வேலை செஞ்சிருக்கீங்க மேடம். தேங்க்ஸ். இனிமே குடும்ப விஷயம். என் பொண்டாட்டிக்கு மனநிலை சரியில்லை. மருந்து எடுத்துட்டு வந்திருக்கேன். கொஞ்சம் வழி விடுங்க."

கரண்டு போனதால் தறிக்காரர்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தெருவுக்கு வந்திருந்தார்கள். கழுத்தில் அட்டை, தணிந்த பேச்சு, மருந்து. படித்த பையன் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள். "பாவம்பா, கூட்டிட்டுப் போகட்டும்" என்றது ஒரு குரல். டென்சில் தெருவைப் பார்த்தான். இந்தத் தெரு எந்தக் கதையை நம்பப்போகிறது?

தருண் அந்தக் குரலைக் கேட்டு ஒரு படி ஏறினான். டென்சிலின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். டென்சில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நகராமல் நின்றான்.

பின்னாலிருந்து வீணாவின் குரல் வந்தது. தெருவுக்கே கேட்கும்படி வந்தது.

"என்னா மருந்து தருண்? பேரு சொல்லு."

அவன் வாய் திறந்தான். பேர் வரவில்லை.

"பையிலேருந்து எடுத்துக் காட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

அவன் கை பைக்குப் போகவில்லை. மருந்து என்று எதுவும் இருந்தால்தானே! தெருவில் முணுமுணுப்பு மாறியது. வீணா கோணல் மணிக்கட்டை உயர்த்திக் காட்டினாள். "இவன் ஒடைச்ச கை இது. எங்கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்கு. பேப்பர் உள்ள இருக்கு."

தருணின் தணிந்த குரல் அங்கேயே செத்தது. அதுவரை அவன் தொண்டைக்குள் இருந்தது ஒரு கெட்ட வார்த்தையாக வெளியே வந்தது. டென்சிலை விலக்கிக்கொண்டு அவன் பாய்ந்தபோது, கீழேயிருந்து ஏறி வந்த ஒரு கை அவன் சட்டையை முதுகோடு பிடித்து இழுத்தது. சந்திரம்மா. அவன் இரண்டு படி தடுமாறி உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டையின் முதுகில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"கெட்டிச் சாயம்பா" என்றாள் சந்திரம்மா. "ஒனக்கு இனிமே போகாது."

தெருமுனையில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவள் சப்-இன்ஸ்பெக்டர் மமதா. ராஜலக்ஷ்மி வாங்கப் போன வெற்றிலை எந்தக் கடையில் என்று அப்போதுதான் டென்சிலுக்குத் தெரிந்தது. மமதா கோர்ட் உத்தரவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் நிதானமாகப் படித்தாள். தருணைப் பார்த்து, "ஹத்து, ஏறு" என்று ஜீப்பைக் காட்டினாள். அவன் ராஜலக்ஷ்மியைக் கடந்து போகையில், "நான்தான் உங்க கிளையண்ட்" என்றான்.

"கேட்டதைச் செஞ்சுட்டேனே" என்றாள் அவள். "ஆபத்துல இருக்காங்களான்னு பாக்கச் சொன்னீங்க. இருந்தாங்க. இப்ப இல்ல."

வாக்குமூலம் கொடுக்க வீணாவையும் வரச்சொன்னார்கள். அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். டென்சில் அவள் எதிரே போய் நின்றான். சொல்ல ஒரு ஜோக்கும் வரவில்லை.

"என்னாலதான்..."

"தெரியாம செஞ்சீங்க" என்றாள் வீணா. "எப்படியும் ஒரு நாள் வந்திருப்பான். நான் தனியா இருக்கும்போது." பிறகு, "ஸ்டேஷன் வரைக்கும் வண்டியில விடறீங்களா? அந்த ஜீப்புல அவன் கூட ஏற மாட்டேன்" என்றாள்.

கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்து பெயர் கேட்டார்.

"வீணா."

தெருவே திரும்பிப் பார்த்தது. தகப்பன் பெயரையும் சேர்த்து, எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தாள்.

சந்திரம்மா சிவந்த கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்ப நீ சரோஜா இல்லையா?"

"இல்லக்கா."

"அடிப்பாவி! இத்தனை மாசமா தெருவுலேருந்து சரோஜா சரோஜான்னு கத்தறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டே. பாவம் புள்ளைக்குக் காது மந்தம்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு இருக்கேன் நான்!"

வீணா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. அவள் பின்சீட்டில் ஏறி உட்காரும்வரை டென்சில் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் காத்திருந்தான்.